முழிக்கச் சொன்ன குரல்

“சனிக்கெழமை நான் போயே ஆவணும்ட்டி, ஓணம் லோடு எனக்காவக் காத்துக்கிட்டு...”

“லோடு காக்காது. அந்த மலைதான் காத்துக்கிட்டுக் கெடக்கு, ஒங்கள முழுங்க...”

“நான் பேசுதேன்லா, நடுவுல நடுவுல...”

“பேசுங்க. நல்லாப் பேசுங்க. அன்னைக்கும் பேசிக்கிட்டேதான கண்ணத் தொறந்தமேனிக்கு ஒறங்குனிய.”

“சவத்த, அத இப்ப எதுக்கு இழுக்க?”

“நான் எங்க இழுத்தேன். வண்டியக் கொண்டுபோயி மலையில இழுத்தது நீங்க.”

பேச்சிராஜ் கட்டிலில் உட்கார்ந்தபடி எண்ணெய் ஊறிய உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி முத்துசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது அந்த ஆயுர்வேத வைத்தியசாலை. சாரல் பட்டுப் பட்டு மதில் முழுக்கப் பாசி. ஆடி மாசம், நல்ல சீசன். வெளியே வேன்களும் கார்களும் நகர வழியில்லாமல் ஆரன் அடித்துக்கொண்டு நின்றன. ரம்புட்டான் விற்கிறவன் கூவுவதும், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசமும் ஜன்னல் வழியாக வந்தன. உள்ளே வைத்தியத்துக்குப் படுத்திருப்பவர்களுக்கு அந்த வாசம் மட்டும்தான் பாத்தியதை.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் கஞ்சிக் கிண்ணத்தோடு முப்பிடாதி வந்தான். எண்ணெய் தேய்க்கிற ஆள் அவன்தான். கையில் எப்போதும் ஒரு தைல மினுமினுப்பு, வாயில் எப்போதும் ஒரு பேச்சு.

“அண்ணாச்சி, சண்டைக்கும் பத்தியம் உண்டும். டாக்டரம்மா சொல்லலையா? கோவம், புளி, பச்சத்தண்ணிக் குளி, இது மூணும் ஆவாது.”

“குத்தாலத்துக்கு வந்து அருவியில தலையக் காட்டக் கூடாதுங்கீயளே. ஒலகத்துல எங்கனயாவது இப்பிடி ஒரு அநியாயம் உண்டுமாய்யா?”

“வெளியூர்க்காரன் குளிச்சிட்டுப் போறான். நீங்க எண்ணெயில ஊறிக் கெடக்க உடம்பு. இப்ப அருவிக்குப் போனியள்னா நான் தேச்ச எண்ணெ பூரா அருவிக்கு வைத்தியமாயிரும்.”

முத்துசெல்விக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருந்ததால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மைனி, ஒங்களுக்கும் இதே கஞ்சிதான். கூட இருக்கவுகளுக்குந் தனிச் சமையல் கெடையாது. ஒருத்தரு பத்தியம் இருக்க, ஒருத்தரு பக்கத்துல உக்காந்து பரோட்டாவப் பிச்சா, அந்த வாசத்துக்கே நோய் திரும்பி வந்துரும்.”

சிவப்பரிசிக் கஞ்சி. குழைய வெந்த சிறுபயறு. புளி சேராத இஞ்சித் துவையல் ஓரமாக ஒரு கோலிக்குண்டு அளவுக்கு. பேச்சிராஜ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

“என்ன, எறங்க மாட்டேங்குதா?” என்றான் முப்பிடாதி.

“பேசாம இரும்யா. கருவாட்டுக் கொழம்ப நெனச்சிக்கிட்டுக் குடிக்கேன்.”

அச்சன்புதூர்க்காரர்கள் இருவரும். பேச்சிராஜின் அப்பா வரை நெல் விவசாயம். இவன் சின்ன வயசிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வியாபாரம் பண்ணுகிற ஜெகதீஸ்வரன் அண்ணாச்சியின் காய்கறி லாரியை ஓட்டுகிறான். சாயங்காலம் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பல்லாரி வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, தென்காசி, செங்கோட்டை, புளியரை என்று போய்க் கோட்டைவாசல் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை இறங்கி, விடிவதற்குள் கொட்டாரக்கரையிலோ கொல்லத்திலோ சரக்கை இறக்கிவிட வேண்டும். திரும்பி வந்து, ஊரெல்லாம் சோலி பார்க்கிற வெயில் நேரத்தில், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்வான். மறுபடியும் சாயங்காலம். கல்யாணம் ஆன காலத்திலிருந்து இதுதான் நடப்பு. அந்த வளைவுகளில் பாரம் ஏற்றிக்கொண்டு அவனைப் போல ஏறி இறங்க ஆள் இல்லை என்று மார்க்கெட்டே சொல்லும்.

அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் தூக்கம் இல்லாமல் போனது. முதலில் பகல் தூக்கம் போனது. வண்டியை ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்தால் ராத்திரித் தூக்கமும் இல்லை. படுத்தால் காந்தல். எழுந்தால் கிறுகிறுப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூடுதல், மற்றதெல்லாம் சரி என்று மாத்திரை கொடுத்தார்கள். தூக்க மாத்திரை போட்ட அன்றைக்குத் தலை இரும்பாய்க் கனத்தது. தூக்கம் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து மேலே படுத்திருந்துவிட்டுப் போனது.

பிறகு ஆனி மாசத்தில் ஒரு நாள் கோட்டைவாசல் வளைவில் அது நடந்தது. கண் திறந்திருக்கிறது, கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, ஆள் இல்லை. வண்டி பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமாகச் சாய்ந்து பாறையில் உரசி நின்றது. எந்தப் பக்கம் சாய்வது என்று வண்டிதான் முடிவு செய்தது, அவன் செய்யவில்லை.

அதன் பிறகுதான் இங்கே வந்தார்கள். டாக்டர் சுகந்தி செங்கோட்டைக்காரி, திருவனந்தபுரத்தில் படித்தவள். பேச்சில் மலையாளம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வந்த முதல் நாள் காலையில் அவள் கேட்ட கேள்விகளை முத்துசெல்வியால் இன்னும் மறக்க முடியவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்பாள், மருந்து எழுதுவாள், கிளம்பலாம் என்றுதான் இவர்கள் போயிருந்தார்கள்.

“பசி எப்பம் வரும் அண்ணாச்சி?”

“பசியா? அதெல்லாம் பாக்க நேரமேது டாக்டரம்மா. எறக்கத்துல வந்தா ஒரு பீடி, ஏத்தத்துல வந்தா ரெண்டு பீடி.”

முத்துசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவள். அவன் குடிப்பது அவள் கட்டிய பீடிதான்.

“ஒண்ணுக்கு வந்தா?”

“ஏத்தத்துல எங்கன நிப்பாட்ட? பின்னால வாரவன் ஏசுவான். அடக்கிக்கிட வேண்டியதுதான்.”

“கொட்டாவி?”

“கன்னத்துல ரெண்டு போடுவேன். ரொம்ப முத்திருச்சுன்னா கண்ணுக்குக் கீழ வலி தைலத்தத் தேச்சுக்கிடுவேன். எரிச்சலுக்குத் தன்னால தொறந்துக்கிடும்.”

“கடைசியா எப்பம் அழுதீங்க?”

பேச்சிராஜ் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். இந்தம்மாவுக்குக் கோட்டி ஏதும் உண்டா என்பது போல.

“நான் எதுக்கு டாக்டரம்மா அழுவுதேன்?”

“மக கல்யாணமாயிப் போனப்போ?”

“அன்னைக்கு லோடு இருந்துச்சி.”

சுகந்தி அப்புறம் கனவைக் கேட்டாள், எந்தக் காற்று மேலே பட்டால் ஆகாது என்று கேட்டாள், கோபம் வந்தால் நெஞ்சு சுடுமா, தலை சுடுமா என்று கேட்டாள். நாக்கைப் பார்த்தாள், நகத்தைத் தடவினாள், நாடியில் மூன்று விரலை வைத்துக்கொண்டு மழைச் சத்தம் கேட்பவள் போல இருந்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

“பசி, தாகம், தும்மல், கொட்டாவி, கண்ணீரு, ஒறக்கம். இதெல்லாம் உடம்பு நம்மகிட்ட வந்து கதவத் தட்டுதது, கேட்டோ. நாம தொறக்காம வச்சிருந்தோம்னா, தட்டுத ஆளு எத்தன வருசந்தான் நின்னு தட்டுவான்? ஒரு நாளு போயிருவான். ஒங்க வாசல்ல ஒறக்கம் தட்டுறத நிப்பாட்டியாச்சு.”

உடம்பு என்பது கை, கால், வயிறு, தலை என்று தனித்தனியாகக் கிடக்கிற சாமான் என்றுதான் முத்துசெல்வி இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். அதற்குள் இப்படி ஒரு போக்குவரத்து நடக்கிறதா? கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மனம் நொந்து திரும்பிப் போகிற ஆட்கள் இருக்கிறார்களா?

“ஒறக்கத்துக்கு ஒரு மருந்து குடுங்கன்னுதான் வந்தோம்” என்றான் பேச்சிராஜ், குரல் தணிந்து.

“தரலாம். வண்டியில ஆக்சில் போனா ஆக்சில மட்டும் மாத்தலாம். உடம்புல அப்பிடி ஒரு துண்ட மட்டும் தனியாக் கழட்டி வைக்க முடியாதே.”

“வண்டியிலயும் முடியாது டாக்டரம்மா. ஸ்பிரிங் பட்டை போச்சுன்னா டயரு ஒரு பக்கமாத் தேயும். டயரு தேஞ்சா ஸ்டியரிங் இழுக்கும். பொறவு நமக்குத் தோள்பட்ட போவும்.”

சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். “அதே. அப்பம் எனக்குச் சோலி கொறஞ்சு. நமக்குள்ள காத்து உண்டு, தீ உண்டு, தண்ணி உண்டு. வாதம், பித்தம், கபம்னு சொல்லுதோம். மூணும் அளவா நின்னா மனுசன் நல்லா இருக்கான். ராத்திரிங்கது உடம்பு நனையுத நேரம். நீங்க அந்த நேரத்துல லைட்டப் போட்டுக்கிட்டு மலை ஏறுதீங்க. உள்ள காத்து பெருத்து, எல்லாம் வறண்டு போச்சு. அதுக்குத்தான் எண்ணெ, மோரு. ஆனா எண்ணெ பாதி வைத்தியந்தான், கேட்டோ. மீதி ஒங்க நாளு. எப்பம் எந்திரிக்கீங்க, எப்பம் உண்ணுதீங்க, யாருகிட்ட என்ன பேசுதீங்க, எல்லாம் அதுல சேரும். அந்தப் பிரஷர் மாத்திரைய நிப்பாட்டக் கூடாது. குணமாவும்னு நான் சத்தியம் பண்ணவும் மாட்டேன்.”

சத்தியம் பண்ணமாட்டேன் என்று சொன்னதில்தான் முத்துசெல்விக்கு அவள் மேல் நம்பிக்கை விழுந்தது.

அதற்குப் பின் தினமும் எண்ணெய் தேய்ப்பு நடந்தது. உடம்பு கொஞ்சம் இளகியது. காந்தல் குறைந்தது. தூக்கம் மட்டும் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இதற்குள் ஓணம் நெருங்கிவிட்டது. ஓணத்துக்குக் கேரளத்துக்குப் போகிற காய்தான் மார்க்கெட்டுக்கு வருசத்திலேயே பெரிய ஓட்டம். ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதுதான் இன்று காலைச் சண்டை.

கஞ்சி குடித்த பின் பேச்சிராஜை மோர்த் தாரைக்கு அழைத்துப் போனார்கள். இன்றுதான் முதல் நாள். வாசலில் நின்று பார்க்கலாம் என்று சுகந்தி சொன்னதால் முத்துசெல்வியும் போனாள்.

ஒற்றை மரத்தில் தொட்டி போலக் குடைந்த நீளப் பாத்தி. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துக் கறுத்த பலகை. அதில் அவன் மல்லாந்து படுத்தான். கண்ணுக்கு மேல் துணிக்கட்டு. நெற்றிக்கு நேர் மேலே ஒரு மண்சட்டி கயிற்றில் தொங்கியது. சட்டியின் அடியில் துளை, துளையில் ஒரு திரி. நெல்லியும் கோரைக்கிழங்கும் போட்டுக் காய்ச்சிய மோர் அந்தத் திரி வழியாக ஒரே நூலாக இறங்கியது. முப்பிடாதி சட்டியை இரண்டு விரலால் பிடித்து இந்த நெற்றிப்பொட்டிலிருந்து அந்தப் பொட்டுக்கு, அங்கிருந்து இங்கே என்று மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான். வாயாடி முப்பிடாதி அந்த அறைக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முகமே வேறு முகமாக இருந்தது.

கோயில் கருவறைக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது முத்துசெல்விக்கு. அந்த மோர் நூல் அறுபடவில்லை, தடிக்கவில்லை, மெலியவில்லை. வெளியே சாரல் ஓட்டில் விழுகிற சத்தமும் நெற்றியில் மோர் விழுகிற சத்தமும் ஒன்றாகின. புருசனின் மேல்மூச்சு கீழே இறங்குவதைப் பார்த்தாள். எப்போதும் எதையோ கடித்துக்கொண்டிருப்பது போலிருக்கும் தாடை விட்டுக்கொடுத்தது. கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. விரல் விரியும்போதுதான் அது இத்தனை வருசமாக எதையோ பிடித்தபடியே இருந்தது தெரிகிறது. ஆள் எங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

“ஏங்க. எங்க வாரிய?”

கேட்டது அவள்தான். கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த அறையில் அந்தக் குரல் தகரத்தில் கல் விழுந்தது போல விழுந்தது.

பாத்தியில் கிடந்தவனின் வலது கால் விசுக்கென்று நீண்டு பலகையை மிதித்தது. கைகள் இரண்டும் காற்றில் எழும்பி எதையோ இறுக்கிப் பிடித்து ஒடித்தன. சட்டி ஆடி, மோர் அவன் முகமெல்லாம் கொட்டியது. கண்ணுக்கு மேல் துணி கிடக்க, அவன் தெளிவாகப் பதில் சொன்னான்.

“கோட்டவாசல் தாண்டிட்டேன்ட்டி. மழதான் பேயிது.”

மழைதான் பெய்துகொண்டிருந்தது. துணியை விலக்கி, மோர் வழிகிற முகத்தோடு அவன் விட்டத்தைப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற அவளைப் பார்த்தான். தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அவனுக்கு நேரமானது.

சுகந்தி அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள்.

“நான் வேணும்னு செய்யலை டாக்டரம்மா. கண்ணு சொருகுனதப் பாத்ததும் வாயி தன்னால கேட்டுட்டு.”

“சாரமில்ல அக்கா, போட்டும். அது என்ன, எங்க வாரியன்னு?”

முத்துசெல்வி சொன்னாள். லாரி புளியரையைத் தாண்டினதும் இவள் போன் போடுவாள். போனைச் சுவரில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொள்வாள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே பேசுவாள். அவன் தூங்கிவிடக் கூடாது. குரல் இழுபட்டால் அதட்டுவாள். அந்த மலையை அவள் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்த வளைவில் எந்த கியருக்கு மாற்றுவான், எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆரன் சத்தம் திரும்பி வரும், எந்த இறக்கத்தில் பிரேக் சீறும் என்று எல்லாம் காதுக்குத் தெரியும். தென்மலைக் காட்டுக்குள் டவர் கிடையாது, அங்கே போன் செத்துவிடும். மறுபடி அவன் குரல் வருகிற வரைக்கும் சுற்றின பீடியில் நூல் கட்ட வராது.

“எத்தன காலமா?”

“மக வயித்துல இருக்கதுலருந்து. அப்பம் பட்டன் போனு.”

சுகந்தி எழுந்து வந்து, கேட்காமலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று விரல். வெகு நேரம்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. அவியளுக்குத்தான்.”

“நீங்க எப்பம் ஒறங்குவீங்க?”

முத்துசெல்வி யோசித்தாள். பதில் தெரியாமல் யோசிக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அவிய எறக்கிட்டேன்னு சொன்ன பொறவு விடிஞ்சிரும்லா. தண்ணி வரும். கம்பெனிக்குப் பீடி கொண்டு போவணும். பொறவு அவிய வந்து படுத்தா சத்தமில்லாம இருக்கணும்.”

“பசி?”

“அது... இருக்கும்.”

“கண்ணு எரியுமா?”

“பீடித்தூளுக்கு எரியத்தான செய்யும்.”

“கண்ணீரு?”

அதற்கும் பீடித்தூள்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இந்தப் பெண்ணின் விரல் மணிக்கட்டில் இருக்கும்போது பொய் சொல்ல முடியாது போலிருந்தது. தான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததெல்லாம் மூன்று விரல் அகலத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, தெரிந்தவர்களுக்கு அது கேட்கவும் செய்கிறது என்பதை நினைத்தபோது, பயமா பக்தியா என்று சொல்ல முடியாத ஒன்று அவளுக்கு வந்தது.

சுகந்தி கையை விட்டாள். “ஒரு வீட்டுல ரெண்டு ஆளு, ஒரு நோய். நான் பாதி ஆளுக்குத்தான் எண்ணெ தேச்சிருக்கேன். எனக்கே இப்பந்தான் தெரியுது அக்கா.”

சாயங்காலம் சாரல் கொஞ்சம் விட்டது. அறை வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மலை முழுக்க மேகம் இறங்கி, அருவி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. பேச்சிராஜின் போன் அடித்தது. ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி. ஸ்பீக்கரில் போட்டான்.

“என்னடே பேச்சி, எண்ணெக் குளியல் எல்லாம் எப்பிடி? மினுமினுன்னு மாப்ள கணக்கா ஆயிட்டியோ?”

“இருக்கு அண்ணாச்சி.”

“சனிக்கெழம ஏத்திரலாமா? ஓணத்துக்கு அங்கன ஆளா பறக்கான்.”

பேச்சிராஜ் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“ஏலே, ஒனக்கு முடியலைன்னா சொல்லு. திருநவேலி பகல் நடைக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்குன்னாலும் வா. கூலி கொறச்சல்தான். ஆனா மலை ஏற ஒன்ன விட்டா எனக்கு ஆளு கெடையாதுடே, அதையும் சொல்லிட்டேன். நாளைக்குக் கூப்புடுதேன். ஏதாவது ஒண்ணு சொல்லிரு.”

போன் நின்றது. முத்துசெல்வி பைய ஆரம்பித்தாள்.

“பகல் நடைக்குப் போலாம்லா. ஆலங்குளம் வழியாத்தான போவணும். மகளையும் பாத்துக்கிடலாம்.”

“ம்.”

“சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம்.”

“வந்து?”

“வந்து என்ன? சாப்புட்டுட்டுப் படுக்க வேண்டியதுதான்.”

“அது சரிட்டி.” அவன் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “வந்து என்ன பேச?”

“என்ன கேக்குதிய?”

“நாம எங்க பேசியிருக்கோம்னு யோசிச்சுப் பாரு. மகளுக்கு மாப்ள பாக்கலாம்னு சொன்னது கழுதுருட்டிப் பாலத்துக்கிட்ட. ஒங்க அண்ணன்கிட்ட சண்ட போட்டது தப்புன்னு நான் சொன்னது ஆரியங்காவுல. எங்க அய்யா செத்தப் பொறவு நான் வாய தொறந்து பேசினதே தென்மல எறக்கத்துலதான். எல்லாம் அந்த ரோட்டுல கெடக்கு. வீட்டுல ஒன் மூஞ்சிக்கு நேர உக்காந்து நான் என்னத்தப் பேசுனேன்? சோத்தப் போடு, வெளக்க அணை. அவ்வளவுதான். பகல்ல ஒன்னப் பாத்தா எனக்கு வாயில ஒண்ணும் வர மாட்டேங்கு. ஓணம் லோடு, ஓணம் லோடுன்னு நான் துள்ளுதது துட்டுக்கு மட்டும்னா நெனச்ச?”

முத்துசெல்விக்குக் காலையில் போட்ட சண்டை முழுவதும் வேறு யாரோ இருவர் போட்டது போலிருந்தது. அவனைத் தின்கிற மலை என்று இவள் பயந்த இடத்தில்தான் அவன் குடித்தனம் நடத்தியிருக்கிறான். அவளும் அங்கேதான் நடத்தியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் இதை அவள் சுகந்தியிடம் சொன்னாள். வெட்கப்பட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சுகந்தி சிரிக்கவில்லை.

“அந்த ஒறக்கத்த விரட்டுனது ஒங்க கொரலு. நல்லதுக்குத்தான் விரட்டுனீங்க, அவரு உசுரோட இருக்காருல்லா. இப்பம் அதே கொரலு கூப்ட்டா வருமான்னு பாக்கலாம். எந்தப் புஸ்தகத்துலயும் இதுக்கு நான் அளவு படிக்கல, கேட்டோ. இன்னைக்குத் தாரை நடக்கும்போது வாசல்ல ஒரு தட்டி வச்சு மறைச்சு, அதுக்குப் பொறத்த உக்காந்து பேசுங்க.”

“என்ன பேச டாக்டரம்மா?”

“மலையில பேசுத மாதிரி. ஒண்ணே ஒண்ணு. கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா, பதில் சொல்ல அவரு முழிக்கணும்லா.”

இதைப் பெரிய விஷயம் என்று முத்துசெல்வி நினைக்கவில்லை. தட்டிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, அவன் கொடுத்துவிட்டுப் போன போனை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எங்க வாரிய, சாப்ட்டியளா, மழ உண்டா, பின்னால வண்டி வருதா, முழிச்சிருக்கியளா. கேள்விகளை எடுத்துவிட்டால் இத்தனை வருசப் பேச்சில் மிச்சம் ஒன்றுமே இல்லை.

உள்ளே மோர் விழ ஆரம்பித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நான்தான்.”

“ம்” என்றான் அவன்.

“இங்கன சாரல் அடிக்கி. முக்காலி காலு ஒண்ணு கட்டையா இருக்கு. ஆடுது.”

“ம்.”

“நான் ஒண்ணு சொல்லணும். தென்மலையில போன் கட்டாவும்லா. அப்பல்லாம் நான் பீடித்தட்ட எறக்கி வச்சிட்டு எந்திரிச்சி நின்னுக்கிடுவேன். ஒங்க கொரலு வார வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருப்பேன். நான் உக்காந்திட்டா அங்கன ஒங்களுக்கு ஏதும் ஆயிருமோன்னு ஒரு கோட்டி நெனப்பு. மக பெறக்கதுக்கு முந்தி, வயித்தத் தூக்கிக்கிட்டு நிப்பேன். அத ஒங்ககிட்ட சொன்னதில்ல. சொன்னா ஆக்சிலேட்டர அமுக்குவியன்னு பயம்.”

அதற்கு வந்த “ம்” ஈரமாக இருந்தது. நெற்றியில் விழுகிற மோர் கன்னத்தில் வழியும். வேறு ஏதும் வழிந்தாலும் முப்பிடாதிக்குத்தான் தெரியும்.

அவள் பேசினாள். பக்கத்து வீட்டு செண்பகவல்லியின் ஆடு பீடி இலைக்கட்டில் வாயை வைத்ததைச் சொன்னாள். மகள் மாசமாக இருப்பாளோ என்று தனக்கு ஒரு சம்சயம் இருப்பதைச் சொன்னாள். பண்பொழி மலைக்கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை படியேறிப் போய், சாமியிடம் வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், தனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மட்டும் கேட்டுவிட்டுப் பிறகு பயந்துபோய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதைச் சொன்னாள். பேசப் பேச அவள் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது. அதட்டல் இல்லாத ஒரு குரல் தனக்குள் இத்தனை காலம் எங்கே கிடந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

“ம்” சன்னமானது. ஒரு பேச்சுக்கு வந்தது, இரண்டு பேச்சுக்கு ஒன்று வந்தது. பிறகு வரவில்லை.

முத்துசெல்வியின் முழங்கால்கள் தானாக எழும்பப் பார்த்தன. முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. என்ஜின் இரைச்சல் இல்லாத அவன் மூச்சு. போய், வெகு தூரம் போய், அவசரமில்லாமல் திரும்பி வந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில், பகலில் அவன் கண்ணயர்கிறபோதுகூட, அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. மனுச உடம்பு ஒன்று, தன்னைத் தானே தூக்கிக்கொண்டு அலைந்ததை எல்லாம் இறக்கி வைத்துவிட்டால் இப்படித்தான் சத்தம் போடும் போலிருக்கிறது. அருவியும் மழையும் அந்த மூச்சும் ஒரே மலையிலிருந்து வருவது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் அவளுக்கும் கனத்தது.

மடியில் போன் துடித்தது. திரையில் ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி. அவள் அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். அது கைக்குள் கிடந்து துடித்தது. தட்டிக்கு வெகு பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், தாலாட்டுகிற குரலில், கேள்வியே கேட்கக் கூடாது என்று சுகந்தி சொல்லியிருந்தும், கேட்டாள்.

“அண்ணாச்சி கூப்புடுதாரு. சனிக்கெழம மலைக்கு வருவியளா மாட்டியளான்னு கேப்பாரு. நான் என்னங்க சொல்லட்டும்?”